கிராணி வீட்டுத் துப்பாக்கி

பெரியவர் முதலில் வாசற்கதவைச் சாத்துகிறார். அடுத்து ஜன்னல் திரை. கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு மாமியார் ஒரு மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்; சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போகிறார். இரும்பு அலமாரியில் இரண்டு சாவிகள் திரும்புகின்றன. வெளியே வரும்போது துப்பாக்கி அவர் முழங்கையில் இரண்டாக மடிந்து தொங்குகிறது, குழல்கள் தரையைப் பார்த்தபடி. தோட்டா அறைகள் இரண்டும் காலி என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் சுண்டுவிரலை ஒவ்வொன்றிலும் விட்டுத் துழாவுகிறார். அதன் பிறகுதான் உட்காருகிறார்.

தரையில் விரித்திருப்பது பழைய தமிழ் நேசன். அந்த நாளிதழ் 2019இல் நின்றுபோனது. இந்த வேலைக்கென்றே ஒரு கட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். ஒரு அமைச்சரின் முகத்தின்மேல் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பி உட்காருகிறது. பக்கத்தில் மூன்று துண்டாகக் கழன்று மாட்டும் துடைப்புக் கம்பி, தேய்ந்த பல் துலக்கும் பிரஷ், பழைய வேட்டியைக் கிழித்துச் சதுரமாக நறுக்கிய துணிகள். துணிகளின் ஓரம் ஒரே நேராக இருக்கிறது. யாரோ கத்தரிக்கோலால் பொறுமையாக வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டியவள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பேத்தி. இரவு ஷிப்டு முடிந்து வந்தவள், தொழிற்சாலை அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்குகிறது. தாத்தா குழலின் அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்ற விரலை வைக்கும்போதே அவள் பிரஷை நீட்டுகிறாள். குழல் கழன்றதும் கம்பியின் முதல் துண்டு. எது எப்போது வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் அவள் தொடுவதில்லை. ஒரு முறை முன்கட்டை செய்தித்தாளிலிருந்து உருண்டபோது கை தானாக நீண்டது.

“தொடாதம்மா. லைசென்சு என் பேர்ல.”

கை மடிக்குத் திரும்பிவிட்டது. அவள் முகத்தில் கோபமில்லை. இந்த வசனத்தைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருப்பாள் போலிருக்கிறது.

இரட்டைக் குழல், பன்னிரண்டு போர். வெளியே இரண்டு குதிரைகள் காதைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய ரகம். பர்மிங்காம் சோதனைச்சாலையின் கிரீட முத்திரைகள் குழலின் அடிவயிற்றில் தெரிகின்றன. மேலே இருந்த பூவேலை விரல் பட்டு விரல் பட்டு வழவழப்பாகிவிட்டது. கட்டையின் கழுத்தில் விரிசல், அதன்மேல் பித்தளைக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது. அப்பா காலத்து வைத்தியம் என்கிறார். பன்னிரண்டு போர் என்பது பழைய கணக்கு. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அந்தக் குழல்; சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர்.

அப்பா பத்து காவான் தோட்டத்தில் கிராணி, வெளிக்காட்டு வேலைகளுக்குக் கணக்கெழுதுபவர். மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. சீமைக்குத் திரும்பத் தயாரான துரை ஒருவர் நாயைச் சமையல்காரரிடமும் பியானோவைக் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கும் கொடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கிராணிக்கு விற்றார். காகிதம் எழுதி, போலீஸ் பதிவேட்டில் பெயர் மாற்றி, முறையாக விற்றது. இதைச் சொல்லும்போது “முறையா” என்ற சொல்லைப் பெரியவர் இரண்டு தடவை சொல்கிறார்.

சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் பிறந்த காலத்தில் இந்த வட்டாரத்தில் துப்பாக்கி என்றாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். 1948 ஜூன் மாதம் நிபோங் திபால் பக்கத்திலுள்ள கலிடோனியா தோட்டத்தில் முதலாளிக் குடும்பத்து ராம்ஸ்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள். இரண்டே நாளில் நாடு முழுவதும் அவசரகாலம். அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் எஸ்.ஏ. கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர். சாட்டிய குற்றம் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தது. தொழிலாளர் லயத்தில் இந்தப் பெயரை உரக்கச் சொல்லமாட்டார்களாம். அப்படிப்பட்ட ஊரில், பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு தமிழ்க் கிராணி வீட்டுச் சுவரில் துரையின் துப்பாக்கி. அம்மா ஒரு மாதம் அந்த அறையில் தூங்கவில்லை என்கிறார்.

துணிச் சதுரத்தை எண்ணெயில் நனைத்துக் குழலுக்குள் தள்ளுகிறார். மறுமுனையில் அது கறுத்து வெளியே வருகிறது. இரண்டாவது துணி கொஞ்சம் வெளுப்பு. மூன்றாவதைப் பேத்தியிடம் காட்டுகிறார். அவள் தலையை இடவலமாக அசைக்கிறாள். நாலாவது.

“அப்பா எண்ணெ ஊத்தமாட்டார் மொதல்ல. கெட்டில்ல வெந்நீர். கொதிக்கக் கொதிக்க.”

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள், இரும்புக்குள் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? ஆனால் கிராணி செய்ததுதான் சரி. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பத்தவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது உப்பாகக் குழலில் படியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு இரவோடு இரவாக இரும்பைத் தின்னும். எண்ணெயில் உப்பு கரையாது, வெந்நீரில் கரையும். சூடான குழல் தானாகக் காய்ந்தும் போகும், அப்புறம் எண்ணெய். துரை சொல்லிக்கொடுத்தாரா, கிராணி தானே கண்டுபிடித்தாரா, தெரியவில்லை. குழலின் உட்புறம் இன்னும் கண்ணாடியாக மின்னுவதற்குக் காரணம் அந்தக் கெட்டில்தான். தோட்டாக்களும் அப்போது அட்டைக் கூடு. மழைக்காலத்தில் ஊதிப்போய் அறைக்குள் நுழையாது. மைலோ டின்னில் வறுத்த அரிசி போட்டு அதற்குள் வைப்பாராம். பிளாஸ்டிக் கூடு வந்த பிறகு அந்த டின்னில் அம்மா மிளகாய் வைத்தாள்.

பத்து காவான் இப்போது வெறும் பெயர்ப்பலகைதான் என்று பெரியவர் நினைக்கிறார். ஆறுகளும் கடலும் சூழ்ந்து தீவாகக் கிடந்த நிலம் இது. முதலில் தியோச்சூ சீனர்களின் கரும்பு, பின்னால் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கரும்பு, அதை வெட்ட நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்கள். இருபதாம் நூற்றாண்டோடு ரப்பர் வந்தது, பிறகு செம்பனை. 2000இல் விளையாட்டரங்கம், 2014 மார்ச் 1இல் பினாங்குத் தீவுக்கு இரண்டாவது பாலம், 2019இல் ஐக்கியா. மிச்சமிருந்ததையெல்லாம் சிப்பும் மின்னணுப் பாகங்களும் செய்யும் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன. பத்து காவான் பெர்ஹாட் என்ற பெயர் மலேசியப் பங்குச் சந்தைப் பட்டியலில் இன்னும் இருக்கிறது.

“சோபா விக்கிறான் பாரு, அந்த எடத்துலதான் ஒத்தப் பன்னி ஒண்ணு. எம்பது கிலோ.”

போன தடவை விளையாட்டரங்கத்தின் கார் நிறுத்துமிடம் என்று சொன்னதாகப் பேத்தி எனக்குக் கண்ணால் சாடை காட்டுகிறாள். பன்றி விழுந்த இடம் எங்கே இருந்தாலும் அதைப் பங்கு போட்ட விதம் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறாமல் வருகிறது. சுட்டவனுக்குத் தலையும் ஒரு தொடையும். துரத்தியவர்களுக்குச் சமபங்கு. நாய்க்கு ஈரல் நுனி. துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு பங்கு. அன்று யார் சுட்டிருந்தாலும் அது கிராணி வீட்டுக்கு வந்துவிடும். மீதியைத் தண்டவாளத் துண்டு அடித்து லயத்துக்குச் சொல்லி, வீட்டுக்கு ஒரு கூறு. காட்டுப்பன்றியை மிளகு தூக்கலாகப் போட்டுச் சுருளச் சுருள வறுத்து, கள்ளுக்கடை வாசலில் வைத்துத் தின்ற ராத்திரிகளைச் சொல்லும்போது மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார். எண்ணெய்த் துணி கையில் அப்படியே நிற்கிறது.

சுட்டவர் அப்பா இல்லாதபோது என்ன செய்தார்கள், வேறொருவர் கையில் எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்து முறைகளை இந்தக் காலத்துச் சட்டத்தை வைத்துக் கிண்டாமல் இருப்பது நல்லது.

சாயங்காலத்துக்குள் விஷயம் வெளியே வருகிறது. ஜாவி பக்கம் இவருக்கு இரண்டு ஏக்கர் தோப்பு. டுரியான், ரம்புத்தான், ஓரமாக வாழை, மரவள்ளி. செம்பனைக்காடுகள் சுருங்கச் சுருங்கப் பன்றிகள் இங்கே ஒதுங்குகின்றன. போன மாதம் பெரியதொன்று மரவள்ளி வரிசையைக் கிளறிக்கொண்டு நின்றிருக்கிறது. இடது குழலின் குதிரை விழுந்தது. டக். அவ்வளவுதான்.

“ஓடக்கூட இல்ல. திரும்பிப் பாத்துட்டு, மறுபடியும் கிழங்கு தின்னுச்சு.”

பேத்தி சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். அவர் அடக்கவில்லை. அவமானம் பட்டவர் சிரிக்கிற சிரிப்பு அது.

பழுது பார்க்கப் போவது பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் ஒன்றுக்கு. துப்பாக்கியைப் பழுது பார்க்க எல்லாருக்கும் அனுமதி இல்லை. உரிமம் பெற்ற கடையில்தான் செய்யவேண்டும். வெல்டிங் பட்டறைக்காரன் செய்துதருகிறேன் என்றால் அவனும் உள்ளே, கொடுத்தவனும் உள்ளே. தவுக்கே, அதாவது கடையின் சீன முதலாளி, ஒல்லியானவர், பனியன், கயிற்றில் தொங்கும் கண்ணாடி. முதலில் லைசென்சைக் கேட்கிறார். துப்பாக்கி உறையிலிருந்து வெளிவரும் முன்பே பதிவேட்டில் எண்ணை எழுதிவிடுகிறார். எழுதி முடித்து மலாயில் ஒரே ஒரு கேள்வி: நோய் என்ன?

பெரியவர் சொல்லச் சொல்ல அவர் காதில் வாங்குவதாகத் தெரியவில்லை. குழல்களைக் கழற்றி, அடியிலிருக்கும் கொக்கியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிடுகிறார். பென்சிலின் மரப்பக்கத்தால் ஒரு தட்டு. கணீர் என்று எழுந்த ஒலி நீண்டு, மெலிந்து, நின்றது. தவுக்கே தலையை ஆட்டுகிறார். இரண்டு குழல்களையும் இணைத்திருக்கும் நடுப்பட்டை ஈயப் பற்றில் ஒட்டியது. எங்காவது விட்டிருந்தால் ஒலி கரகரத்து உடனே அடங்கிவிடும். குழலைக் கறுப்பேற்றித் தருகிறேன் என்று சொல்லும் அவசரக்காரர்கள் இந்த ஈயத்தைத்தான் கெடுப்பார்கள். கொதிக்கும் காரக் கரைசலில் புதிய துப்பாக்கியை முக்கலாம், பழைய இரட்டைக் குழலை முக்கக்கூடாது, பற்று கரைந்துபோகும். இதற்குத் துருவேற்றித் தேய்த்து, மறுபடி ஏற்றித் தேய்த்து, நாள்கணக்கில் செய்கிற முறைதான். “அது வேண்டாம், இருக்கிற கறுப்பு போதும்” என்கிறார் தவுக்கே. வேலை வருகிறதென்று தலையில் கட்டுகிறவர் இல்லை.

அடுத்து, முன்கட்டை இல்லாமல் குழலைப் பூட்டி, கழுத்தைப் பிடித்து லேசாகக் குலுக்குகிறார். உள்ளே மிக மெல்லிய ஒரு அசைவு. சிகரெட் தாள் ஒன்றைக் குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கிறார். தாள் பிடித்துக்கொள்கிறது. கீல் தேய்ந்திருக்கிறது, ஆனால் பயப்படும் அளவில் இல்லை. இன்னும் சில வருஷம் கழித்துப் புதுக் கீல் ஊசி. தகரத்தகடு வைத்து இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதே என்று விரலை ஆட்டிச் சொல்கிறார்.

பிறகு அவர் கருவிப் பலகையை இழுக்கிறார். இருபது முப்பது திருப்புளிகள். ஒவ்வொன்றின் முனையையும் அரத்தில் தேய்த்து வெவ்வேறு கனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். பழைய துப்பாக்கித் திருகாணியின் வெட்டு நூலிழையாக இருக்கும். கடையில் வாங்கும் திருப்புளி அதற்குள் இறங்காது, இறக்கினால் தலையைச் சிதைத்துவிடும். மூன்றைத் தேர்ந்து, வேண்டாமென்று வைத்து, நாலாவதை எடுக்கிறார். குதிரைக்குக் கீழே இருந்த குட்டித் திருகாணி முனகாமல் கழல்கிறது. உள்ளேயிருந்து அடிஊசி வரவேண்டும். வரவில்லை. குச்சியால் தள்ளுகிறார். தேன்நிறத்தில் ஏதோ ஒன்று இழுபட, ஊசி அரைமனதாக வெளியே வருகிறது.

தவுக்கே அந்தப் பிசினை நகத்தால் சுரண்டி முகர்கிறார். முதல் தடவையாகத் தமிழில் பேசுகிறார்:

“அண்ணே. எத்தினி எண்ணெ ஊத்துது?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. வாரா வாரம் ஊற்றிய எண்ணெய். காய்ந்து இறுகி ஊசியின் வழியை அடைத்திருக்கிறது. குதிரை அடித்தாலும் ஊசி முழு வேகத்தில் போய்க் குத்தவில்லை. மூக்கும் தேய்ந்து தட்டையாகியிருக்கிறது. இதோடு முடிந்ததா? கட்டையின் தலைப்பக்கத்தை நகத்தால் அழுத்துகிறார். மரம் கறுத்து, மெத்தென்று அமுங்குகிறது. வாய் மேலே பார்க்க நிறுத்திவைத்தால் குழலிலுள்ள எண்ணெயெல்லாம் கீழே இறங்கி மரத்துக்குள் ஊறும். ஊறிய மரம் நார்நாராகும். விரிசல் அங்கேதான் தொடங்கும். “தலைகீழ். வாய் கீழே வை.” தோல் உறையிலும் வைக்காதே, தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரியவர் கேட்டுக்கொண்டே நிற்கிறார். தன் மாட்டுக்குத் தீனி அதிகமாகப் போட்டாய் என்று வைத்தியர் சொன்னால் ஒரு சம்சாரி எப்படி நிற்பானோ, அந்த நிற்பு.

பேத்தி இதுவரை வாய் திறக்கவில்லை. தவுக்கே கழற்றிய ஊசியை ஒரு துணியில் துடைத்து அவள் உள்ளங்கையில் வைக்கிறார். அவள் தாத்தாவைப் பார்க்கிறாள். தொடலாமா? அவர் வேறு பக்கம் பார்க்கிறார். அது அனுமதி என்று எடுத்துக்கொள்கிறாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், மூக்கின் விளிம்பை விரல்நுனியால் உருட்டிப் பார்க்கிறாள். தொழிற்சாலையில் மைக்ரான் கணக்கில் பார்க்கிற கண்.

தவுக்கே சின்ன லேத்தில் எஃகுக் கம்பி ஒன்றைப் பூட்டிக் கடைகிறார். பழையதை வைத்து அளவு பார்த்து, மறுபடி கடைந்து, மூக்கை உருண்டையாக்குகிறார். கூராக இருந்தால் தோட்டாவின் தொப்பியைக் கிழித்துவிடும், புகை முகத்துக்கு வரும். சுடரில் காட்டுகிறார். செக்கச் சிவந்ததும் எண்ணெயில் விடுகிறார். இப்போது அது கண்ணாடிக் கடினம், அடித்தால் உடையும். பளபளப்பாகத் தேய்த்து மறுபடி மெல்லிய சூடு. வெளிறிய வைக்கோல் நிறம் ஓடிவருகிறது, பழுப்பாகிறது, ஊதா, நீலம். நீலம் முழுதாகப் படர்ந்த நொடியில் சுடரை விட்டு எடுத்துவிடுகிறார்.

“முந்நூறு டிகிரி?” என்கிறாள் பேத்தி, மலாயில்.

தவுக்கே கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்க்கிறார். டிகிரி அவருக்குத் தெரியாது. “பீரு,” நீலம் என்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்பது இருவருக்கும் புரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் பேச்சு பெரியவரை விட்டு அவள் பக்கம் திரும்பிவிட்டது. அறையின் நீளம் இரண்டரை அங்குலம். இப்போது கடையில் கிடைப்பது இரண்டே முக்கால். நீளத் தோட்டா உள்ளே நுழையும், ஆனால் வெடித்து விரியும்போது முனை கழுத்தில் போய் முட்டி அழுத்தம் ஏறும். ஆகவே அளவு பார்த்து வாங்கு. எஸ்.ஜி. குண்டு போட்டால் போதும், பலமான மருந்து இந்தக் கிழவனுக்கு வேண்டாம். கிழவன் என்றது துப்பாக்கியை. பெரியவர் அப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கட்டையை இரண்டு வாரம் வைத்துக்கொள்கிறேன் என்கிறார். சுண்ணாம்புப் பொடியைப் பூசிச் சூடு காட்டினால் ஊறிய எண்ணெயை அது இழுக்கும். பல தடவை செய்யவேண்டும். மரம் வறண்ட பிறகே பசை பிடிக்கும். பித்தளைக் கம்பியை அறுக்கட்டுமா? பெரியவர் யோசிக்கிறார். அறுங்கள். ஆனால் கம்பியை என்னிடம் கொடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, வேலை முடிந்த துப்பாக்கியோடு பாலத்தில் திரும்பும்போது காரின் பின்பெட்டியில் அது பூட்டிக் கிடக்கிறது. 24 கிலோமீட்டர் பாலத்தில் எண்பதைத் தாண்டாதே என்று பேத்தியிடம் பெரியவர் ஓயாமல் சொல்கிறார். சட்டைப்பையில் லைசென்சு, அதன்மேல் கை. போலீஸ் தடுத்தால் எடுத்து நீட்டத் தயாராக. 1971இல் வந்த சட்டப்படி அனுமதியற்ற துப்பாக்கிக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. இவரிடம் அனுமதி இருக்கிறது. இருந்தும் அந்தக் கை சட்டைப்பையை விட்டு நகரவில்லை.

பேத்தி கைப்பேசியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறாள். கர்நாடகத்தில் குடகு என்று ஒரு மலை. செப்டம்பர் மாதம் கைல்போது என்று பண்டிகை. வீட்டுத் துப்பாக்கிகளையெல்லாம் வரிசையாக வைத்துக் குழலில் செங்காந்தள் செருகிக் கும்பிடுவார்கள்.

“நாமளும்தான் சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வெக்கிறோம்.”

“அவங்களுக்கு லைசென்சே வேணாம் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்துலருந்து விலக்கு. இப்போ 2029 வரைக்கும் நீட்டிருக்காங்க.”

பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசிக்கிறார். “அப்போ நம்மாளு ஏன் அங்க போகாம இங்க வந்தான்?”

லைசென்சைப் புதுப்பிக்கும் கவுண்ட்டர். பிளாஸ்டிக் நாற்காலிகள், எண் சீட்டு, சுவரில் மாட்சிமை தங்கியவர்களின் படங்கள். கார்ப்பரல் இளைஞர். துப்பாக்கியின் எண்ணைப் பதிவோடு ஒத்துப்பார்க்க டார்ச் அடிக்கிறார், தேய்ந்த எண். “பாக்சிக், இது என் தாத்தாவைவிட மூத்தது” என்கிறார் மலாயில். பழுதுபார்த்த ரசீதை வாங்கிப் படிக்கிறார். தோப்பு இன்னும் இருக்கிறதா? இருக்கிறது. பன்றி? அதற்கென்ன குறை. வனவிலங்குத் துறையின் உரிமம்? அது தனிக் காகிதம். பெரியவர் அதையும் எடுத்து நீட்டுகிறார். இந்த வருஷம் எத்தனை சுட்டீர்கள்? பெரியவர் மரவள்ளியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். கார்ப்பரல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு முத்திரையை எடுக்கிறார்.

குடும்பத் துப்பாக்கி என்று வீட்டில் சொல்கிறோமே ஒழிய, சட்டத்துக்குக் குடும்பம் தெரியாது. ஒரு துப்பாக்கி, ஒரு பெயர், ஒரு காரணம். பெயர் இறந்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போகும். பிள்ளைக்கு வேண்டுமானால் தன் பெயரில் மனுப் போட்டு, தன் காரணத்தைச் சொல்லவேண்டும். பெரியவரின் மகனுக்கு வேண்டாம். அவர் சிங்கப்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறார். அவருக்குத் தோப்பும் இல்லை, பன்றியும் இல்லை. எனக்கென்னவோ அவர் சொல்வதில் தப்பில்லை என்றே படுகிறது. இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்தி நாளிதழில் அவ்வப்போது வரத்தானே செய்கிறது? காக்க எதுவும் இல்லாதவன் கையில் துப்பாக்கி எதற்கு?

ஆனால் கவுண்ட்டரில் இப்போது பேத்தி முன்னால் வந்து நிற்கிறாள். புதிதாக ஒருவர் மனுப் போட என்ன வேண்டும் என்று கேட்கிறாள். கார்ப்பரல் நிமிர்கிறார். “யாருக்கு?” “எனக்கு.” அவர் சிரிக்கவில்லை. அடையாள அட்டை நகல், நிலப் பட்டாவான கிராண்ட், என்ன பயிர் என்று காட்டும் சான்று என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவள் தவுக்கேயின் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்கிறாள். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார். அது மூக்கில்தான் இருக்கிறது.

“கிராண்ட் யார் பேரில்?” என்கிறார் கார்ப்பரல்.

கிராண்டில் மூன்று பெயர். பெரியவர், அவர் இரண்டு தம்பிகள். ஒரு தம்பி காலமாகி, அவர் பங்கு இன்னும் அவர் பெயரிலேயே நிற்கிறது. இன்னொருவர் கிள்ளானில். பேச்சுவார்த்தை அவ்வளவாகக் கிடையாது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்துகிறது. துப்பாக்கியைப் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிய கையோடு பேத்தி கிள்ளானுக்குப் போன் போடுகிறாள். தாத்தா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். அவள் ஸ்பீக்கரில் வைக்கிறாள்.

“சின்னத் தாத்தா, நல்லா இருக்கீங்களா? தோப்பு விஷயமா ஒரு கையெழுத்து…”

மறுமுனையில் நிலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

“அப்பாவோட துப்பாக்கி இன்னும் உங்க தாத்தாகிட்டதான இருக்கு?”

“இருக்கு. இப்பதான் ரிப்பேர் பண்ணோம்.”

“கையெழுத்துப் போடறேம்மா. எங்க வரணும் சொல்லு. ஆனா அதுல எனக்கும் பங்கு உண்டு, அவர்கிட்ட சொல்லிடு.”

பெரியவர் போனுக்குக் கிட்டே குனிகிறார். பல வருஷம் கழித்துத் தம்பியோடு பேசுகிற முதல் பேச்சு.

“பங்கா? ஒரு நாளு கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சிருப்பியாடா நீ?”

“தலைக்கறிய யாருக்குத் தந்தார் அப்பா? உனக்கா எனக்கா? அதச் சொல்லு மொதல்ல!”

பேத்தி காரின் கதவைத் திறந்து, ஏசியைப் போட்டு, இருவரும் சண்டை போட வசதியாகப் போனைத் தாத்தாவின் கையில் கொடுத்துவிட்டுக் கோப்பி வாங்கப் போகிறாள்.